.490 அச்சில் வார்த்த குண்டு 171 கிரெய்ன்தான் வருகிறது, எங்கே தப்பு?

பனங்காடன்

எல்லோருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் இருக்கிறேன். இங்கே கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு என்றே ஒரு மான் பருவம் தொடங்கும். என்னைத் தயார் செய்கிறேன் பேர்வழி என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருடம் இதில் இழுத்துவிட்டார். குழலின் உள்விட்டம் .50 அங்குலம். குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்து, எண்ணெய்த் துணியில் பொதிந்த .490 உருண்டைக் குண்டை மேலே இறக்கிச் சுடுவது. இதுவரை கடைக் குண்டுதான். இந்த வருடம் நாமே வார்த்தால் என்ன என்று பத்து பவுண்டு மின்சார உருக்குப் பானையும் இரண்டு குழி அலுமினிய அச்சும் வாங்கினேன். ஈயம் ஒரு பழைய இரும்புக் கடையில் இருபத்திரண்டு பவுண்டு, கட்டிகளாகக் கிடைத்தது. சுத்தமான காரீயம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

முதல் முப்பது குண்டும் சுண்டைக்காய் வற்றல். சைஸும் அதே, சுருக்கமும் அதே. அச்சு சூடேறிய பிறகு வழவழவென்று வர ஆரம்பித்தது, எனக்கு ஒரே பெருமை. தராசில் வைத்தால் 171, 172 கிரெய்ன், நடுவில் இரண்டு மூன்று 166. அட்டவணையில் 177 என்று இருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, கடைக் குண்டுக்குப் போடும் அதே துணியைப் போட்டு இறக்கினால் பாதி வழியில் நின்றுவிடுகிறது, கோலைச் சுத்தியால் தட்டித்தான் இறக்க வேண்டியிருக்கிறது. அச்சு தப்பா, என் கை தப்பா?

பழைய_பட்டறை

தம்பி, அச்சும் சரி, கையும் பரவாயில்லை. உனக்கு விற்ற சரக்குதான் தப்பு.

நான் கோவையில் பம்ப் வார்ப்படப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், இப்போது மிசௌரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். பொழுது போகாமல் குண்டு வார்க்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. கணக்கைப் பார். .490 அங்குலம் என்றால் 12.45 மில்லிமீட்டர் விட்டம். அந்த உருண்டையின் கன அளவு ஒரு கன சென்டிமீட்டரும் ஒரு துளியும், அவ்வளவுதான். காரீயத்தின் அடர்த்தி 11.34. பெருக்கினால் பதினொன்றரை கிராமுக்கு ஒரு நூல் குறைவாக வரும், கிரெய்னில் சொன்னால் 177. உன்னுடையது 171 என்றால் அடர்த்தி 11 பக்கம் இறங்கிவிட்டது. அதாவது ஆன்டிமனி என்ற தனிமம் கலந்திருக்கிறது, கொஞ்சம் வெள்ளீயமும் இருக்கலாம். காரின் சக்கரத்தில் ஒட்டும் எடைக்கட்டிகளை உருக்கிக் கட்டியாக்கி விற்றிருப்பார்கள், பத்துக்கு ஒன்பது கடையில் நடப்பதுதான்.

ஆன்டிமனி கலந்தால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, குண்டு கெட்டியாகும். இரண்டு, ஆறும்போது சுத்தக் காரீயம் சுருங்கும் அளவுக்கு அது சுருங்காது, அதனால் அதே அச்சில் வார்த்தாலும் ஒரு மயிரிழை பெரிதாக வரும். எடை குறைவு, ஆனால் உருவம் பெரிது. அதனால்தான் உன் கோல் நிற்கிறது. கடைக் குண்டு மெத்தென்று இருப்பதால் துணியின் நெசவு அதன் மேல் பதிந்து வழி விடும், உன்னுடையது விடாது.

இப்போதே கட்டியை எடுத்துக் கட்டை விரல் நகத்தால் கீறிப் பார். சுத்தமானது என்றால் பள்ளம் விழும், பளபளவென்று கோடு தெரியும். அடுத்து சிமென்ட் தரையில் போட்டுப் பார். நல்ல காரீயம் ஈர மண்மூட்டை விழுந்தாற்போல் ‘தொப்’ என்று விழும். ‘ணங்’ என்று கேட்டால் கலப்படம்.

அந்த 166 வேறு விஷயம். உள்ளே காற்றுக் குழி. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலைச்சாரல்

பட்டறை ஐயா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் கொஞ்சம் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். ஆறு வருடமாகச் சக்கர எடைக்கட்டிக் குண்டுதான் போடுகிறேன், ஐம்பது கஜத்தில் தகர டப்பா தப்பியதில்லை. குழலுக்குள் வெட்டியிருக்கும் சுழி வரிகளைப் பிடிப்பது துணிதானே, குண்டு இல்லையே. பனங்காடன், துணியைக் கொஞ்சம் மெல்லியதாக மாற்றுங்கள், முடிந்தது வேலை. இருபது பவுண்டு ஈயத்தை ஏன் தூக்கி எறிய வேண்டும்?

பழைய_பட்டறை

மலைச்சாரல் தம்பி, துணி பிடிக்கிறது என்பது உண்மைதான். உள்ளே வரியில்லாத வழுக்குக் குழலில் கெட்டிக் குண்டு போட்டுச் சுடுபவர்கள் நிறையப் பேர், அங்கே நான் வாயே திறக்க மாட்டேன். வரிக்குழலில் மெல்லிய துணி போட்டால் குண்டு இறங்கும், சரி. ஆனால் மெல்லிய துணி எரிந்து ஓட்டை விழும். சுட்ட பிறகு பத்தடி முன்னால் விழுந்து கிடக்கும் துணியை ஒரு நாளாவது எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஓரம் கருகி நடு முழுசாக இருந்தால் சரி. நடுவில் ஓட்டை என்றால் டப்பாவில் பட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

அவர் போகப்போவது டப்பா சுட அல்ல, மானுக்கு. டிசம்பர் குளிரில் கை விறைத்து நிற்கும்போது குண்டு பாதிக் குழலில் நின்றால் என்ன ஆகும்? மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் பிளக்கும். நான் பயமுறுத்துவது அதற்குத்தான்.

எறியவும் வேண்டாம். நவீனத் துப்பாக்கிக்குத் தோட்டா வார்ப்பவர்கள் கெட்டி ஈயத்தைத்தான் தேடுவார்கள், அவர்களிடம் கொடுத்தால் மெது ஈயம் மாற்றிக் கொடுப்பார்கள். இன்னொன்று, புதிய எடைக்கட்டிகள் நிறைய துத்தநாகத்தில் வருகின்றன. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419 வரை உருகாது. அதனால் சூட்டைக் குறைவாக வைத்து உருக்கினால் அது மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்து வீசிவிடலாம். தெரியாமல் சூட்டை ஏற்றி அது கரைந்துவிட்டால் பானை முழுக்க ஓட்ஸ் கஞ்சி மாதிரி கட்டி கட்டியாகிவிடும். என்னிடம் அப்படி ஒரு பானை பதினெட்டு பவுண்டு போயிற்று.

ரசப்பிரியை

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இந்த வேலை என் கணவருடையது, நான் வேடிக்கை பார்ப்பவள். என் மாமியாருடைய ஈயச் சொம்பு, ரசம் வைப்பது, போன மாதம் என் மகள் காலியாக அடுப்பில் வைத்து அடி உருகிப் போய்விட்டது. அதை என் கணவர் ‘ஈயம்தானே’ என்று பானையில் போடப் பார்க்கிறார். போடலாமா? அப்புறம் அது ஈயம் என்றால் இத்தனை வருடம் நாங்கள் அதில் ரசம் குடித்தது?

ஆய்வகத்தான்

அம்மா, சொம்பைப் பிடுங்கி ஒளித்து வையுங்கள்!

நம் ஊரில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது. ரசச் சொம்பு வெள்ளீயம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதுதான். குண்டு வார்ப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை நூறைத் தாண்டாது, காலியாக வைத்தால் அடி போய்விடும், ஈயச் சொம்பு வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் ஒரு முறையாவது நடக்கும் கதை. அடர்த்தியும் 7.3தான், கையில் எடுத்தாலே தெரியும். நல்ல வெள்ளீயத்தை வளைத்தால் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வரும், காரீயம் சத்தமே போடாது.

அதைப் பானையில் போட்டால் பனங்காடனுக்கு வந்த அதே கேடு வரும், குண்டு கெட்டியாகி எடை குறையும். விலையோ காரீயத்தைவிடப் பல மடங்கு. ஒரு எச்சரிக்கை மட்டும், மலிவு ஈயச் சொம்புகளில் காரீயம் கலந்து விற்பதுண்டு. உங்களுடையது பழையது என்றாலும் ஒரு முறை சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், புளி ஊற்றும் பாத்திரம் ஆயிற்றே.

வந்ததற்குப் பனங்காடனுக்கும் இரண்டு வார்த்தை. எல்லோரும் புகைக்குத்தான் பயப்படுகிறார்கள். நாம் வேலை செய்யும் சூட்டில் காரீய ஆவி மிகக் குறைவு. உடம்புக்குள் போவது மேலே மிதக்கும் அந்தச் சாம்பல் நிறக் கசடு, தூள். அதை வழித்துத் தரையில் தட்டுவது, அந்தச் சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்குவது, கை கழுவாமல் முறுக்கு தின்பது, ஆபத்து அங்கேதான். கசடுக்கு மூடியுள்ள டப்பா, வேலைக்கு என்று தனிச் சட்டை, தனிச் செருப்பு. வார்க்கும் இடத்தில் காப்பி கூடாது. கராஜ் என்றால் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வருடம் ஒரு முறை இரத்தத்தில் காரீய அளவு பாருங்கள். குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் வைத்திருக்கும் எல்லை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம், எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள். உருக்கும் சட்டியும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பவே கூடாது.

பனங்காடன்

நகத்தால் கீறினேன். நகம்தான் உடைந்தது. தரையில் போட்டேன், கோயில் மணி மாதிரி ‘ணங்’. சுத்தமானது என்று சொன்னவர் முகம் கண் முன்னால் வந்து போனது. திருப்பிக் கேட்கப் போனால் ‘நீங்கள் குண்டுக்கு என்று சொல்லவே இல்லையே’ என்கிறார். சொன்னேன் ஐயா, இரண்டு முறை சொன்னேன். இருபத்திரண்டு பவுண்டு.

இப்போது மெது ஈயத்துக்கு எங்கே போவது? காரின் பழைய பேட்டரியில் இருப்பது நல்ல ஈயம் என்று ஒரு நண்பன் சொல்கிறான்.

ஆய்வகத்தான்

பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். அமிலம் ஒரு பக்கம். தகடுகளில் கால்சியம், ஆர்செனிக், ஆன்டிமனி எல்லாம் இருக்கும். உருக்கிய கசடில் பிறகு ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற வாயுக்கள் வரும், அவை ஆளையே கொல்லக்கூடியவை. உங்கள் நண்பரை அடுத்த முறை மரவேலைக்கு யோசனை கேளுங்கள்.

பழைய_பட்டறை

பழைய வீட்டுக் கூரை வேலை செய்பவர்களைக் கேள், புகைபோக்கியைச் சுற்றி மழைநீர் இறங்காமல் மடித்து வைக்கும் தகடு பெரும்பாலும் மெது ஈயம். மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையை இடித்தால் சுவரில் தகடு தகடாக வரும், அது கிடைத்தால் லாட்டரிதான். பழைய தண்ணீர்க் குழாய்களும் நல்லவையே, ஆனால் இணைப்பில் உள்ள பற்றாசை வெட்டி எறி, அதில் பாதி வெள்ளீயம். கண்ணாடி ஓவியச் சட்டத்து ஈயமும் அப்படித்தான்.

கூரைத் தகட்டில் மடிப்புக்குள் ஈரம் இருக்கும். காய்ந்த மாதிரி தெரியும், நம்பாதே. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினால் ஆயிரத்து எழுநூறு மடங்காக விரிந்து ஆவியாகி, பானையில் இருப்பது அவ்வளவையும் கூரைக்கு அனுப்பும். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் என்று பேச்சுக்குச் சொல்வோம், அது நிஜமாகவே நடக்கும். எங்கள் பட்டறையில் ஒரு மழைக்காலத்தில் ஈர அச்சில் ஊற்றிய ஆளுக்கு முன்கை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தழும்பு. அதனால் தகட்டைக் குளிர்ந்த பானையில் போட்டு, பானையோடு சேர்த்துச் சூடேற்று. உருகி நிற்கும் ஈயத்துக்குள் புதிதாகத் தகடு எதையும் போடாதே. முழு முகக் கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு, பருத்தி உடுப்பு.

நெல்லைச்சீமை

ஊரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா வீச்சு வலைக்கு ஈயக் குண்டு வார்த்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஆர்வமாகப் படிக்கிறேன். இங்கே இந்த மாதிரி நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியுமா?

மலைச்சாரல்

நண்பரே, இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தில் போயிற்று. நீங்கள் வலைக்கே வாருங்கள். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் 1968 முதல் சக்கிமுக்கி வகையைப் பழம்பொருளாக வைத்திருப்பதால்தான் இங்கே இவ்வளவு சுலபம், அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டே கூடாது, வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் விலக்கு இல்லை.

கதைசொல்லி

சட்டம் பேசியாயிற்று, ஒரு கதை. 1776 ஜூலை 9 இரவு, சுதந்திரப் பிரகடனத்தைப் படித்துக் காட்டிய சூட்டோடு, நியூயார்க் பௌலிங் கிரீனில் குதிரை மேல் உட்கார்ந்திருந்த மூன்றாம் ஜார்ஜ் சிலையைக் கயிறு கட்டிக் கீழே இழுத்தார்கள். உள்ளே காரீயம், மேலே பொன் பூச்சு. துண்டு துண்டாக்கி கனெக்டிகட்டில் லிச்ஃபீல்டு ஊருக்கு ஏற்றினார்கள். அங்கே ஆலிவர் வோல்காட் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து வார்த்த குண்டுகள் 42,088. யார் எத்தனை வார்த்தார்கள் என்று பேர்வாரியாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார் மனிதர். தப்பித்த சில துண்டுகளில் குதிரையின் வால் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது, அமெரிக்காவின் மேற்கைக் கண்டறியப் போன லூயிஸ், கிளார்க் இருவரின் பயணத்து ஏற்பாடு. வெடிமருந்து எடுத்துப் போன டப்பாவையே காரீயத்தில் செய்தார்கள். ஒரு டப்பாவில் மருந்து 4 பவுண்டு, டப்பாவின் ஈயம் 8 பவுண்டு. மருந்து தீரும்போது டப்பாவை உருக்கினால் அந்த மருந்துக்கு வேண்டிய குண்டு வந்துவிடும். 52 டப்பா. ஆற்றில் விழுந்தாலும் மருந்து நனையவில்லை.

ரசப்பிரியை

டப்பாவையே உருக்குவதா? இதை என் கணவரிடம் காட்ட மாட்டேன்.

பனங்காடன்

கூரைக்காரர் ஒருவர் முப்பது பவுண்டு தகடு கொடுத்தார், காசுகூட வாங்கவில்லை, ஒரு பிளாஸ்க் காப்பியோடு சரி. நகத்தில் பள்ளம் விழுகிறது. உருக்கிக் கட்டியாக்கிவிட்டேன். ஆனால் வார்த்தால் மறுபடியும் சுருக்கம்! கலப்பட ஈயத்தில் வந்த வழவழப்புகூட இல்லை. பட்டறை ஐயா, அந்தக் காற்றுக் குழி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பழைய_பட்டறை

சூடு எவ்வளவு வைத்திருக்கிறாய்? 350 இருக்கும், பயந்து பயந்து வைத்திருப்பாய். கலப்பட ஈயம் தண்ணீர் மாதிரி ஓடும், சுத்தக் காரீயத்துக்கு அந்த ஓட்டம் கிடையாது, அதற்கு 400, 420 வேண்டும். அச்சும் சூடாக இருக்க வேண்டும். அலுமினிய அச்சின் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் அரை நிமிடம் முக்கு, எடுக்கும்போது ஈயம் ஒட்டாமல் வழிந்தால் தயார். குழிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் சுருக்கம் வரும், முதலில் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகக் காயவை. தேன்மெழுகு ஒரு பட்டாணி அளவு பானையில் போட்டுக் கிளறு, குப்பென்று தீப்பிடிக்கும், பயப்படாதே, கசடு மேலே பொடியாகப் பிரிந்து நிற்கும், அதை வழித்தெடு.

இப்போது குழி. காரீயம் உறையும்போது கன அளவில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு சுருங்கும். சுருங்கும் இடத்துக்கு மேலிருந்து ஈயம் இறங்க வேண்டும். பட்டறையில் பெரிய வார்ப்புக்கு ரைசர் வைப்போமே, அதே வேலையை இங்கே அச்சின் மேல்தகட்டில் தேங்கும் மிச்ச ஈயம் செய்கிறது. நீ குழி நிறைந்ததும் நிறுத்தியிருப்பாய். அப்படிச் செய்யாதே, மேலே ஒரு ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தாராளமாகத் தேங்க விடு. பார்த்துக்கொண்டே இரு, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருப்பது சட்டென்று மங்கும், நடுவில் ஒரு சின்னக் குழிவு விழும், உள்ளே ஈயத்தை இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். மூன்று எண்ணிவிட்டு மேல்தகட்டை மரச் சுத்தியால் தட்டு. தகட்டில் ஈயம் வெண்ணெய் மாதிரி தேய்ந்தால் அவசரப்பட்டுவிட்டாய். குண்டு விழவில்லை என்றால் கைப்பிடியின் கீல் ஆணியில் தட்டு, அச்சில் தட்டினால் அச்சு போயிற்று. கீழே நாலாக மடித்த பழைய துண்டு போடு, இந்த மெது ஈயம் ஒன்றோடொன்று மோதினாலே நசுங்கும்.

அதைவிட முக்கியம், நடுவில் நிறுத்தி ஒவ்வொரு குண்டாக எடுத்து அழகு பார்க்காதே. நீ அழகு பார்க்கும் நேரத்தில் அச்சு ஆறிவிடும். ஊற்று, எண்ணு, தட்டு, திற, மூடு, ஊற்று. ஒரே தாளத்தில் போக வேண்டும். குண்டின் மேல் பனி படர்ந்தாற்போல் வெண்மை வந்தால் அச்சு அதிகமாகக் காய்ந்துவிட்டது, தாளத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள். அந்த வெண்மை குண்டுக்குக் கேடில்லை.

மலைச்சாரல்

ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் துணிகளைப் பொறுக்கிப் பார்த்தேன். ஏழில் ஐந்தில் ஓட்டை. டப்பா பெரிய டப்பா என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பனங்காடன்

நேற்று மதியம் வார்த்தேன். சூடு 410. முதல் ஒன்பதைப் பார்க்காமலே பானைக்குத் திருப்பிவிட்டேன். அப்புறம் தாளம் பிடித்துவிட்டது, மனைவி கராஜ் வாசலில் நின்று என்னமோ கேட்டாள், காதில் விழவில்லை, அதற்கு ராத்திரி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. 75 குண்டு. தராசில் 68 குண்டு 176க்கும் 177க்கும் நடுவில். ஐந்து 174. இரண்டு 169, அந்த இரண்டையும் இடுக்கியில் வைத்து வெட்டிப் பார்த்தேன், மேல்தகடு வெட்டிய வடுவுக்கு நேர் கீழே கடுகு அளவு குழி, ஐயா சொன்ன இடத்திலேயே.

துப்பாக்கிக் குழலின் அளவைப் ‘போர்’ (bore) என்று சொல்வார்களே, பன்னிரண்டு போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு குண்டு என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார், அந்தக் கணக்கில் என்னுடையது கிட்டத்தட்ட நாற்பது போர். இன்று காலை அவரோடு போய்ப் பத்து சுட்டேன். தலையணை உறைக் கோடு போட்ட அதே துணி, வடு மேலே பார்க்க வைத்து இறக்கினேன். கோல் ஒரே தள்ளில் அடி வரை போயிற்று, குறித்து வைத்த கோட்டில் போய் நின்றது. ஐம்பது கஜத்தில் பத்தில் எட்டு ஒரு தோசைக் கரண்டிக்குள் அடங்கும். மீதி இரண்டு என் கண் சிமிட்டல், மருந்துக் கிண்ணியில் பொறி பறந்ததும் இன்னும் கண்ணை மூடிவிடுகிறேன். அதற்கு ஏதாவது வழி இருந்தால் தனி இழை போடுகிறேன்.

கலப்பட ஈயம் இருபத்திரண்டு பவுண்டு அப்படியே இருக்கிறது. லங்காஸ்டர் பக்கம் யாராவது தோட்டா வார்ப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மெது ஈயத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். என்ன சரக்கு என்று நானே முதலில் சொல்லிவிடுவேன்.